ஊட்டுக்கு ஒரு பேரு

எஸ்டேட் லைன், செம்மநத்தம்
13-6-1993

மாமாவுக்குக் காளியாயி எழுதுவது.

இங்கு நானும் தனலட்சுமியும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். மூன்று வாரமாக எழுதாததால் நானே பேனாவை எடுத்தேன். கிளியூர் செங்கோடன் அண்ணன் சம்சாரத்திடம் போய் நின்று உங்கள் திருப்பூர் விலாசத்தை வாங்கினேன். புருஷன் விலாசத்தை இன்னொரு வீட்டில் கேட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

எஸ்டேட்டில் நாற்பது பேருடைய பேரைச் செக்ரோலில் அடித்து வேலையை விட்டு எடுத்தார்கள். முப்பத்தொன்பது பேர் வீட்டில் சொல்லிக்கொண்டுதான் வேலை தேடிப் போனார்கள். நான் காலையில் களை வெட்டப் போய்த் திரும்பி வந்தால் உங்கள் டிரங்குப் பெட்டி இல்லை, சட்டை மாட்டும் ஆணி காலியாக இருக்கிறது. குப்பனூர் வழிப் பஸ்ஸில் ஏறினீர்களாம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனால் நாலு பேர் "எங்கீங்க மாதையா பொட்டியோட?" என்று கேட்பார்கள் என்றுதானே சுற்றிக்கொண்டு போனீர்கள்? கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். காப்பி வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யா தேசமே உடைந்து போனதற்கு நீங்கள் ஏன் தலை குனிய வேண்டும்?

தனலட்சுமி ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். அப்பா எப்போது வருவார் என்று முதல் வாரம் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதிலை எஸ்டேட் ஆபீசுக்குப் போடாதீர்கள், கணக்கெழுதும் மனுவேல் ரைட்டர் கையில் போய் நிற்கும். ஏற்காட்டில் ஷேக் தாவூத் பாய் மளிகைக் கடைக்குப் போடுங்கள். பாய் சம்சாரம் ஆசியாக்கா எடுத்து வைத்துச் சந்தையன்று கொடுப்பார்.

காளியாயி


திருப்பூர்
27-6-1993

காளியாயிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். ஒரு பனியன் கம்பெனியில் ஹெல்பர் வேலை. பண்டல் தூக்குவது, மடித்துக் கொடுப்பது. என்னோடு மடிக்கிறவர்களுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. எனக்கு வயது முப்பத்தெட்டு.

ஓர் அறையில் நாலு பேர் இருக்கிறோம். நானும் செங்கோடனும். இன்னொருவர் ஐயாக்கண்ணு, இருபது வருஷம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர், மில்லை மூடிவிட்டார்கள். நாலாவது ஆள் தறி ஓட்டினவர். யாரும் யாரையும் "ஏன் வந்தே?" என்று கேட்பதில்லை.

சொல்லிக்கொண்டு போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். என்ன சொல்லிக்கொள்வது? பதினாறு வருஷம் காப்பிப் பழத்துக்குத் தோல் உரிக்கிற அந்தப் பல்பர் இன்ஜினைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். ஊட்டுக்கு ஒரு பேருதான் செக்ரோலில் நிற்கும் என்று சட்டம் போட்டார்கள், சரி. அந்த ஒரு பேர் ஏன் என் பேராக இல்லை? நான் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்புவதற்குள் மனுவேல் ரைட்டர் என் பேரை அடித்துவிட்டார். போன வருஷம் அவர் மகன் சைக்கிளைச் சரி செய்து தர மாட்டேன் என்று சொன்னேன், அதை மனதில் வைத்துச் செய்த வேலை. பொம்பளைக்குக் கூலி குறைவு என்று கணக்கும் பார்த்திருப்பார். அவர் முகத்தில் இனி விழிக்க மாட்டேன். ஊருக்கு வா வா என்று எழுதாதே.

தனலட்சுமியை மழையில் நனைய விடாதே.

மாதையன்


செம்மநத்தம்
18-7-1993

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதையும் கிழித்தால் இன்லெண்டு வாங்கக் காசு இல்லை, அதனால் எழுதியே விடுகிறேன்.

மனுவேல் ரைட்டரைத் திட்டாதீர்கள். உங்கள் பேரை அவர் எடுக்கவில்லை. நான் எடுக்கச் சொன்னேன்.

நீங்கள் கோயிலுக்குப் போயிருந்த அன்று ரைட்டர் லைன் வீடு ஒவ்வொன்றாக வந்தார். வாசலில் நின்று, "ஊட்டுக்கு ஒரு பேருதான் நிக்கும்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க. உங்க ஊட்டுல யாரு பேர வெக்கறது, காளியாயி? மாதையன் வந்தப்பறம் கேட்டுச் சொல்றியா?" என்றார். மறுநாள் வரை பொறுப்பதாகவும் சொன்னார். நான் பொறுக்கவில்லை. "எம் பேர வெச்சுக்குங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

ஏன் சொன்னேன் என்று இரண்டு மாதமாக எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கு இன்ஜின் வேலை தெரியும், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வீர்கள், எனக்குக் காப்பிக்காட்டை விட்டால் ஒன்றும் தெரியாது. இது ஒரு காரணம். உண்மையான காரணம்தான். ஆனால் அந்த நிமிஷம் வாயில் வந்தது அதனால் இல்லை.

வீட்டில் நீங்கள் என்னை "ஏ புள்ளே" என்பீர்கள். தனலட்சுமிக்கு நான் அம்மா. லைனில் எல்லோருக்கும் மாதையன் பொண்டாட்டி. காலையில் களத்தில் ரைட்டர் செக்ரோலைப் பிரித்து "காளியாயி" என்று வாசிப்பாரே, நாள் முழுவதும் என் பேரை யாராவது வாய்விட்டுச் சொல்வது அந்த ஒரு தடவைதான். ஆம்பிளைகள் பேரை முதலில் வாசித்து அனுப்பிவிடுவார். எங்கள் முறை வரும்போது நீங்கள் பல்பர் கொட்டகைக்குப் போயிருப்பீர்கள். பதினாலு வயதிலிருந்து நான் "இருக்கேனுங்க" என்று சொல்லி வருகிறேன். நாளைக்கு அந்தப் பேரை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. அவ்வளவுதான்.

அன்று சாயந்திரமே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் ரைட்டரைத் திட்டத் திட்ட, நான் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன். தப்பு அங்கேதான். பேரைச் சொன்னது தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கோபம் வரும். வரட்டும். திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

காளியாயி


செம்மநத்தம்
5-9-1993

மாமாவுக்கு,

ஏழு சந்தை போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கடைப்படி ஏறும்போதே ஆசியாக்கா தலையை ஆட்டிவிடுகிறார். பாவம், அவருக்கும் என்னைப் பார்க்கச் சங்கடம். போன வாரம் கேட்காமலே ஒரு பொட்டலம் வெல்லம் மடித்துக் கையில் திணித்தார்.

தனலட்சுமி இங்கே ஒரு வரி எழுத வேண்டுமாம்.

அப்பா நான் கணக்கில் பாஸ். அம்மா சிரிப்பதில்லை. தனலட்சுமி.

அவள் எழுதியதை அடிக்கப் போனேன், விட்டுவிட்டேன்.

காளியாயி


செம்மநத்தம்
14-11-1993

மாமாவுக்கு,

தீபாவளிக்கு வந்த செங்கோடன் அண்ணன், நீங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே கடிதம் இருக்கும் என்று காகிதத்தைக் கூட உதறிப் பார்த்தேன். பனியன் மட்டும் இருந்தது. தனலட்சுமிக்கு முழங்கால் வரை வருகிறது. எந்த ஊர்ப் பிள்ளைக்கு அளவெடுத்தார்களோ, அது ஆறடி வளரும் பிள்ளை போல. மார்பில் ஏதோ இங்கிலீஷ் எழுத்துத் தலைகீழாக இருக்கிறது, அதனால்தான் தள்ளிவிட்டார்களாம். அவளுக்கு அது தெரியாது. துவைக்கக் கூடக் கழற்றித் தர மாட்டேன் என்கிறாள்.

எனக்குக் கடிதம் போட வேண்டாம். ஆனால் இப்போது நான் கேட்பது வேறு விஷயம், இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பழம் எடுப்பு ஆரம்பித்துவிட்டது. பல்பர் கொட்டகைக்கு ஆள் இல்லை. ரோலில் மிச்சம் இருக்கிற ஆம்பிளைகளுக்கு இன்ஜின் தெரியாது. ரைட்டர் களத்தில் என்னைத் தனியாக நிறுத்தி, "பதினாறு வருசம் இன்ஜின்காரனோட குடும்பம் நடத்தியிருக்க, உனக்குக் கொஞ்சமாச்சும் தெரியாதா?" என்றார். மேனேஜர் தலையாட்டிவிட்டார். நீங்கள் பார்த்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள், பொம்பளைக் கூலிக்கு.

உங்கள் பேரை எடுத்தேன், இப்போது உங்கள் வேலையையும் எடுத்துக்கொண்டேன் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். ஆனால் முந்தாநாள் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன், அது திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்த எருமையை எப்படி எழுப்புவது என்று எழுதுங்கள்.

காளியாயி


திருப்பூர்
19-11-1993

காளியாயிக்கு,

என் கோபம் போகவில்லை. அது வேறு, இன்ஜின் வேறு.

முதலில் மணிக்கட்டுக்கு உப்பு ஒத்தடம் கொடு. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை அந்தப் பக்கம் மடக்கிப் பிடித்திருப்பாய். அப்படிப் பிடிக்கக் கூடாது. ஐந்து விரலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். திருப்பி அடித்தால் ஹேண்டில் தானாகக் கையை விட்டு வழுகிப் போகும்.

குளிர் நாளில் தண்ணீர்த் தொட்டியில் வெந்நீர் ரெண்டு குடம் ஊற்று. மேலே ஒரு சின்ன லீவர் இருக்கிறது. அதைத் தூக்கி வைத்துவிட்டுச் சுற்று. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. மனதுக்குள் பத்து எண்ணு. பத்தில் லீவரைத் தட்டிவிட்டு, ஹேண்டிலை உருவிக்கொண்டு ஒதுங்கிவிடு. கருப்புப் புகை வரும், இருமும், பயப்படாதே. புடவை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகு. இதை மறந்தால் நான் அங்கே வந்து அறைவேன். பெல்ட்டில் துணி சிக்கினால் கையே போய்விடும். என் பழைய காக்கிச் சட்டை பெட்டிக்குப் பின்னால் கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்.

நிறுத்தும்போது பழம் எல்லாம் ஓடி முடிந்த பிறகே தண்ணீரை மூட வேண்டும். முன்னால் மூடினால் தகடு கீறிவிடும்.

எழுந்ததா என்று உடனே எழுது.

மாதையன்


செம்மநத்தம்
28-11-1993

மாமாவுக்கு,

எழுந்தது.

ஒன்பது எண்ணியபோதே லீவரைத் தட்டிவிட்டேன், அவசரம். ஆனாலும் எழுந்துவிட்டது. கொட்டகையில் இருந்த பொம்பளைகள் எல்லாம் கை தட்டினார்கள். உங்கள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். முழங்கையில் நீங்கள் தைத்த ஒட்டு, கழுத்தில் உங்கள் எண்ணெய்ப் பிசுக்கு. எதற்கு அழுதேன் என்று ஒருத்தி கேட்டாள். புகை என்றேன்.

மூன்று நாளாகப் பனிமூட்டம். பத்து மணிக்கும் லைட் போட்டுக்கொண்டுதான் பஸ் போகிறது. சங்கதி வேறொன்றுமில்லை. கிளியூரில் ரெண்டு வீட்டில் ஆயில் இன்ஜின் ரிப்பேராகிக் கிடக்கிறதாம், நீங்கள் இருந்தால் பார்த்திருப்பீர்களாம். என்னை வழியில் பார்த்தவர்கள் எல்லாம் இதையே சொல்கிறார்கள்.

காளியாயி


செம்மநத்தம்
5-12-1993

மாமாவுக்கு,

போன கடிதத்துக்கு உங்கள் பதில் வரும் முன்பே இதை எழுதுகிறேன். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும், உங்களைத் தவிர யாருக்கும் புரியாது.

தோல் எடுத்த கொட்டையைத் தொட்டியில் ஊறப் போட்டோம். மறுநாள் இருபத்து நாலு மணி நேரம் ஆனதும் ரைட்டர் வந்து, "கழுவச் சொல்லி மேனேஜர் சொல்லிட்டாரு" என்றார். நான் கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தேய்த்தேன். வெண்டைக்காய் மாதிரி வழவழவென்று இருந்தது, மேலே இருக்கிற கொழகொழப்பு இன்னும் விடவில்லை. நீங்கள் தேய்க்கும்போது கரகரவென்று கூழாங்கல் சத்தம் கேட்குமே, அது கேட்கவில்லை. "இன்னும் ஆகலீங்க. குளிருக்கு நேரம் புடிக்குது" என்றேன். "கெட்டுப்போனா உன் பேருதான் போகும்" என்றார்.

உங்களைக் கேட்டு எழுதினால் பதில் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் தொட்டி நாறிப்போகும். நானே முடிவு பண்ணினேன். அன்று கழுவவில்லை. மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்க் கையை விட்டேன். தேய்த்தால் கரகரவென்று சத்தம். அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். கழுவிக் களத்தில் பரப்பினோம். முத்து மாதிரி வெளுப்பாக இருக்கிறது. மேனேஜர் ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் நல்லது என்று அர்த்தம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

காளியாயி


திருப்பூர்
3-12-1993

காளியாயிக்கு,

பனிமூட்டம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பனி நாளில் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவச் சொல்வார்கள். கழுவாதே. யார் சொன்னாலும் கேட்காதே. கையை விட்டுத் தேய்த்துப் பார், கூழாங்கல் சத்தம் கேட்டால்தான் கழுவ வேண்டும். அதுவரை தொடாதே. இது போய்ச் சேருவதற்குள் நீ கழுவிவிட்டாயோ என்னவோ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், செங்கோடன் மூலம் உனக்குத் தெரிய வேண்டாம். மூன்று வாரமாகக் கம்பெனியில் வேலை இல்லை. ஜெர்மனியில் யாரோ ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஓட்டலில் தண்ணீர் தூக்குகிறேன். ரஷ்யாக்காரன் காப்பி வேண்டாம் என்றதால் ஒரு வேலை போனது, ஜெர்மனிக்காரன் பனியன் கேட்டதால் ஒரு வேலை வந்தது, அவன் வேண்டாம் என்றதும் அதுவும் போனது. இந்த ரெண்டு பேரையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களை விட்டுவிட்டு மனுவேலையும் உன்னையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே என்னை எல்லோரும் "ஏற்காட்டுக்காரரே" என்கிறார்கள். ஆறு மாதத்தில் ஒருத்தர் கூட மாதையா என்று கூப்பிடவில்லை. நீ ஜூலையில் எழுதியது இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது.

மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

மாதையன்


செம்மநத்தம்
9-1-1994

மாமாவுக்கு,

நம் ரெண்டு கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. கூழாங்கல் என்று நீங்களும் எழுதி நானும் எழுதி! ஆசியாக்காவிடம் படித்துக் காட்டினேன். "அட, ஒரே ஊட்டுல இருந்தாக்கூட இப்படிப் பேசிக்க மாட்டீங்க" என்று சிரித்தார். மணிக்கட்டு சரியாகிவிட்டது.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று மனுவேல் ரைட்டர் மறுபடி வாசலுக்கு வந்தார். பல்பர் வேலைக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டுமாம். "மாதையன் வர்றதா இருந்தா அவன் பேர ஏத்திரலாம்னு மேனேஜர் சொல்றாரு. ஆனா சட்டம் அதேதான், ஊட்டுக்கு ஒரு பேரு. உன் பேர எடுக்கணும். என்ன சொல்ற?" என்றார். பாவம், கேட்கும்போதே அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் ஓட்டலில் தண்ணீர் தூக்குவது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். "எம் பேரே இருக்கட்டுங்க" என்றேன்.

இந்தத் தடவை பயத்தில் சொல்லவில்லை. அந்த இன்ஜினை நான் எழுப்புகிறேன், அந்தத் தொட்டியை நான் காப்பாற்றினேன். உங்கள் பேரை ஏற்றச் சொல்லியிருந்தால் நீங்கள் நாளைக்கே வந்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் செக்ரோலுக்காக வந்தவராக இருப்பீர்கள். நான் கூப்பிடுவது அதற்கு இல்லை. ரோலில் பேர் இல்லாவிட்டாலும் இது உங்கள் வீடு. கிளியூர் இன்ஜின் ரெண்டும் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. அதில் வருவது வரட்டும், வராவிட்டால் கூழோ கஞ்சியோ இருப்பதைக் குடிப்போம்.

போன தடவை மறைத்தேன். இந்தத் தடவை மறுநாளே எழுதிவிட்டேன். மறுபடி கோபித்துக்கொண்டு ஏழு சந்தை எழுதாமல் இருந்தால், சத்தியமாக என்னால் தாங்க முடியாது மாமா. எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

காளியாயி


திருப்பூர்
16-1-1994

காளியாயி கண்ணுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கோபம் வருமா என்று காத்திருந்தேன். முதலில் கொஞ்சம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஐயாக்கண்ணு என்ன என்று கேட்டார். "எம் பொண்டாட்டி என் வேலையத் தர மாட்டேங்கறா" என்றேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இந்த அறையில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

அவர் மில்லிலிருந்து கொண்டு வந்த ஸ்பானர் செட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு இனி அதில் வேலை இல்லையாம். கிளியூர் இன்ஜினைத் தொடுவதற்கு முன் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வரும் சனிக்கிழமை கிளம்புகிறேன். குப்பனூர் வழியாக வர மாட்டேன். சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறி, பகலில், பஸ் ஸ்டாண்டிலேயே பெட்டியோடு இறங்குகிறேன். யாராவது கேட்டால், வேலை போச்சுங்க, ஊட்டுக்கு வந்துட்டேன் என்று சொல்லப் போகிறேன். தாவூத் பாயிடம் சொல்லி வை, டீ அவர் கடைக்குப் பக்கத்தில்தான் குடிப்பேன்.

இங்கே ஆம்பிளைகள் நாலு பேரும் முறை வைத்துச் சமைத்ததில் களி கிண்டப் பழகிவிட்டேன். கட்டி விழுவதில்லை. திங்கட்கிழமை காலையில் நீ அடுப்புப் பக்கம் போக வேண்டாம். நான் கிண்டித் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு உன்னோடு களத்துக்கு வருகிறேன். மனுவேல் ஆம்பிளைகள் பேரை வாசித்து முடிக்கட்டும். எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை, ஓரமாக நிற்பேன். உன் பேரை வாசித்ததும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லு. பதினாறு வருஷம் அதே களத்தில் நின்றிருக்கிறேன், நீ "இருக்கேனுங்க" என்று சொல்லி நான் ஒரு நாள் கூடக் கேட்டதில்லை.

மாதையன்